எழுபதில் நின்ற தராசு: நீண்டகாலக் குறைச்சாப்பாடும் இறங்க மறுத்த நிறையும் – ஒரு நிகழ்வு ஆய்வு

வயது 38. உயரம் 158 சென்றிமீற்றர், நிறை 71 கிலோ, வயிற்றுச் சுற்றளவு 92 சென்றிமீற்றர். யாழ்ப்பாணத்தில் பாடசாலை ஆசிரியை, இரண்டு பிள்ளைகளின் தாய். வேலைக்குப் போய்வருவது ஸ்கூட்டியில். உடற்திணிவுச் சுட்டி 28.4. ஆசிய மக்களுக்கு 27.5ஐத் தாண்டினாலே ஆபத்து அதிகம் என்று உலக சுகாதார நிறுவனம் கணிப்பதால், நிறை குறைய வேண்டிய தேவை இவருக்கு உண்மையாகவே இருக்கிறது. வெறும் அழகுக் கவலை என்று தட்டிக்கழிக்க முடியாது.

இந்த ஆசிரியை தனி ஒருவர் அல்ல. குறைத்துச் சாப்பிட்டும் நிறை இறங்கவில்லை என்ற ஒரே மாதிரியான முறைப்பாட்டோடு ஆலோசனைக்கு வருகிறவர்களிடம் திரும்பத் திரும்பக் காணப்படுவதைச் சேர்த்து அமைத்த மாதிரி நிகழ்வு இது. எண்கள் ஒன்றோடொன்று பொருந்தும்படி தரப்பட்டுள்ளன; படிப்பவர் தன் எண்களைப் போட்டுப் பார்க்கலாம். கலோரி என்று வருமிடமெல்லாம் சாப்பாட்டுப் பொதிகளில் கிலோகலோரி என்று அச்சிடுகிற அதே அளவுதான்.

வந்தபோது இருந்த நிலை

நான்கு வருடத்துக்கு முன் 82 கிலோ. காலைச் சாப்பாட்டையும் இரவுச் சோற்றையும் விட்டு எட்டு மாதத்தில் 70க்கு வந்தார். அதன்பின் மூன்று வருடத்துக்கு மேலாக 69க்கும் 72க்கும் இடையிலேயே தராசு ஆடிக்கொண்டிருந்தது. இறங்காதபோதெல்லாம் அவர் செய்தது ஒன்றுதான்: இன்னும் குறைத்தார். கடைசியில் காலையில் வெறும் தேத்தண்ணி, மத்தியானம் நாலு கரண்டி சோறு, இரவுக்கு வெள்ளரிக்காயும் ஒரு முட்டையும் என்று வந்து நின்றது.

இவர் வந்ததும் சொன்னது: "மிஸ், நான் சாப்பிடுறதே இல்லை. பச்சைத் தண்ணி குடிச்சாலும் ஏறுது."

கூடவே வந்த முறைப்பாடுகள்: தலைமயிர் கொட்டுது, மத்தியான வெயிலிலும் கைகால் குளிருது, மலச்சிக்கல், விடியப்புறம் மூன்று மணிக்கு விழிப்பு, பிள்ளைகளில் எரிச்சல். மாதவிடாய் 42 முதல் 50 நாளுக்கு ஒருக்கா. நாடித் துடிப்பு ஓய்வில் 54. கேட்டபோதுதான் சொன்னது: நாள் முழுக்கச் சாப்பாட்டைப் பற்றிய நினைவு. சனி ஞாயிறு இரவுகளில் வீட்டில் எல்லோரும் படுத்தபின் குசினிக்குப் போய் நின்றபடியே சாப்பிடுவது.

இப்படி வருகிற ஒருவருக்கு ஊரில் இரண்டு பதில் காத்திருக்கிறது. ஒன்று, "பொய் சொல்லுறா, ஒளிச்சுச் சாப்பிடுறா." மற்றது, "மெற்றபொலிசம் பழுதாப் போச்சு, இனி என்ன செய்தாலும் இறங்காது." முதலாவது அவமானம், இரண்டாவதை வைத்துத்தான் மாவும் தேயிலையும் கப்சூலும் விற்கிறார்கள். இரண்டுமே கணக்குக்கு நிற்காது.

முதலில் இரத்தம்

சாப்பாட்டில் கைவைக்க முதல் குடும்ப வைத்தியர் மூலம் சில பரிசோதனைகள் செய்யப்பட்டன. தைரொயிட் ஹோர்மோனுக்கான ரிஎஸ்எச் 2.1, சாதாரணம். கர்ப்பம் இல்லை. பால் சுரப்புக்கான ஹோர்மோனான புரோலக்ரின் சாதாரணம். மூன்று மாதச் சராசரிச் சீனி 5.6 சதவீதம், எல்லைக்குச் சற்றுக் கீழே. ஹீமோகுளோபின் 11.2, கர்ப்பமில்லாத பெண்ணுக்கு 12க்குக் கீழே போனால் இரத்தச்சோகை. ஃபெரிற்றின் 11, அதாவது இரும்புச் சேமிப்பு கிட்டத்தட்டக் காலி. தலைமயிர் கொட்டுவதற்கும் களைப்புக்கும் குளிருக்கும் ஒரு பங்கு காரணம் இங்கேயே அகப்பட்டது. வைத்தியர் இரும்புக் குளிசை எழுதினார். தேத்தண்ணியோடும் பாலோடும் அதைப் போட்டால் சரிவர உறிஞ்சப்படாது. இரண்டு மணி நேர இடைவெளி விட்டு, தேசிக்காய்த் தண்ணியோடு போடச் சொல்லப்பட்டது.

தைரொயிட் அறிக்கை சாதாரணம் என்றதும் இவருக்கு ஏமாற்றம். தைரொயிட்டில்தான் பிழை என்று வந்தால் ஒரு குளிசையில் முடிந்துவிடும் என்ற நம்பிக்கை பலருக்கும் இருக்கிறது. தைரொயிட் சரியாக உள்ளவர் தைரொக்சின் குளிசையைத் தானாக வாங்கிப் போட்டால் தசையும் எலும்பும் கரையும், நெஞ்சு படபடக்கும். நீண்டகாலம் குறைத்துச் சாப்பிட்டால் ரி3 என்ற ஹோர்மோன் சற்றுத் தாழ்வது இயல்பு. அது உடம்பு சிக்கனம் பிடிப்பதன் அடையாளம். போதிய சாப்பாடு கிடைத்தால் தானாக ஏறும்.

சுழற்சி நீண்டுபோன பெண்ணில் சூலகக் கட்டி நோயையும் (பிசிஓஎஸ்) யோசிக்க வேண்டும். இவருக்கு நிறை கூடியிருந்த காலத்தில் மாதவிடாய் 30 நாளுக்கு ஒழுங்காக வந்தது. சாப்பாட்டைக் குறைத்த பிறகுதான் நீண்டது. அந்த வரிசை முக்கியமான தடயம்.

இரண்டு கிழமை: ஒன்றையும் மாற்றாமல் நிறுப்பது

இந்தக் கட்டத்தைத் தாண்டிப் போக எல்லோரும் அவசரப்படுவார்கள். உண்மையில் நிகழ்வின் பாதி விடை இங்கேதான் கிடைத்தது.

தேவைப்பட்டவை மூன்று: ஒரு கிராம் வரை காட்டும் குசினித் தராசு, ஒரு கொப்பி, சீமெந்துத் தரையில் அல்லாமல் மாபிள் பதித்த சமதரையில் வைத்த நிறைத்தராசு. மேடு பள்ளமான தரையில் அதே தராசு ஒரு கிலோ வரை வித்தியாசம் காட்டும். நிறை ஒவ்வொரு நாளும் காலையில், கழிப்பறைக்குப் போய்வந்தபின், தண்ணி குடிக்க முதல். தனி நாளின் எண்ணைப் பார்ப்பதில்லை. ஏழு நாளின் சராசரி மட்டும். வயிற்றுச் சுற்றளவு கடைசி விலாவுக்கும் இடுப்பெலும்பின் மேல்விளிம்புக்கும் நடுவில், மூச்சை விட்ட நிலையில்.

சமைத்த சாப்பாட்டை நிறுப்பதுதான் சிக்கல். இங்கே பலர் கைவிட்டுவிடுவார்கள், வழி எளிது. ஒரு நாள் இரவுப் பிட்டை எடுத்துக்கொள்வோம். மா 400 கிராம், அதில் ஏறத்தாழ 1,400 கலோரி. பாதித் தேங்காயின் பூ 120 கிராம், 425 கலோரி. குழைத்து, நீத்துப்பெட்டியில் அவித்து இறக்கியபின் மொத்தமாக நிறுத்தால் 850 கிராம். 1,825ஐ 850ஆல் பிரித்தால் கிராமுக்கு 2.1 கலோரி. இனி அந்த வீட்டுப் பிட்டுக்கு இந்த எண் போதும், கோப்பையில் போட்டதை நிறுத்துப் பெருக்கினால் சரி. இவர் கொப்பியில் "ஒரு கப் பிட்டு, 150" என்று எழுதியிருந்தார். தராசில் வைத்தபோது அவருடைய ஒரு கப் 180 கிராம்: 380 கலோரி.

கறிக்கும் இதே முறைதான். வெறும் சட்டியின் நிறையை அதன் மூடியில் எழுதி ஒட்டிவிட வேண்டும். எண்ணெய், தேங்காய்ப்பால், மீன் எல்லாம் சட்டிக்குள் போக முதல் நிறுக்க வேண்டும். தேங்காயைப் பிழிந்தபின் சக்கையில் ஒரு பங்கு கொழுப்பு தங்கும் என்பது உண்மை; ஆனால் முதற்பாலில் பெரும்பங்கு வந்துவிடும். சொதி தண்ணி மாதிரித் தெரிவதால் அதைக் கணக்கில் எடுக்காமல் விடுகிறவர்கள் அதிகம். தாளிக்கிற நல்லெண்ணெய் ஒரு மேசைக்கரண்டி 120 கலோரி. போத்தலைச் சரித்து ஊற்றுகிற கைக்கு ஒரு மேசைக்கரண்டி எது, மூன்று எது என்று தெரியாது.

இரண்டு கிழமை முடிவில் வந்த கணக்கு: பாடசாலை நாட்களில் அவர் தானாக எழுதியது 1,050, நிறுத்தபோது 1,200. வித்தியாசம் உப்புப் பார்க்க அகப்பையில் எடுத்தது, பிள்ளைகள் விட்ட மிச்சம், ஆசிரியர் அறையில் பகிர்ந்த வடையில் பாதி. சனிக்கிழமை 2,300. ஞாயிற்றுக்கிழமை 2,550. கிழமைக்கு மொத்தம் 10,850. ஏழால் பிரித்தால் நாளுக்கு 1,550.

ஆக, ஐந்து நாள் பட்டினி, இரண்டு நாள் ஈடு. அவர் பொய் சொல்லவில்லை. ஐந்து நாள் பசியோடு கிடந்த ஞாபகம் அவருக்கு உண்மையானது. இரண்டு இரவுகள் நின்றபடி சாப்பிட்டது ஞாபகத்தில் சாப்பாடாகவே பதியவில்லை. இது இவருக்கு மட்டும் உரியதும் அல்ல. 1992இல் அமெரிக்காவில் வெளியான ஆய்வொன்றில், 1,200க்குக் கீழே சாப்பிட்டும் குறையவில்லை என்று சொன்னவர்களின் உண்மையான சக்திச் செலவை, அணுக்களில் அடையாளமிட்ட தண்ணீரைக் குடிக்கக் கொடுத்து அளந்தார்கள். அவர்கள் சொன்னதைவிட உண்மையில் சாப்பிட்டது மிக அதிகம். சராசரியாக 47 சதவீதத்தை விட்டு எழுதியிருந்தார்கள்.

சிக்கனம் பிடித்த உடம்பு

ஓய்வில் உடம்பு செலவழிக்கும் கலோரியைக் கணிக்கிற மிஃப்லின் சூத்திரத்தில் பெண்ணுக்கு: நிறையைப் பத்தால் பெருக்கு, உயரத்தை 6.25ஆல் பெருக்கிக் கூட்டு, வயதை ஐந்தால் பெருக்கிக் கழி, அதிலிருந்து 161ஐயும் கழி. இவருக்கு 710 + 987.5 – 190 – 161 = 1,346. படுத்தே கிடந்தாலும் வேண்டிய அளவு இது. அதிகம் நடமாடாதவருக்கு 1.3ஆல் பெருக்கினால் 1,750. ஆனால் 1,550இலேயே நிறை அசையாமல் நிற்கிறது. எதிர்பார்த்ததைவிட உடம்பு 200 கலோரி குறைவாகச் செலவழிக்கிறது. சூத்திரமே பத்து சதவீதம் அங்கும் இங்கும் பிழைக்கலாம் என்பதால் இந்த 200ஐ வேதவாக்காக எடுக்கத் தேவையில்லை; திசை மட்டும் தெளிவு.

அந்த 200இல் பெரும்பங்கு அசைவில் போனது. கைத்தொலைபேசி காட்டிய நடை நாளுக்கு 3,200 அடி. கரும்பலகைக்கும் மேசைக்கும் இடையில் முன்பு நடந்துகொண்டே படிப்பித்தவர், இப்போது கதிரையில் இருந்து படிப்பிக்கிறார். மாடியில் ஏற பிள்ளையை அனுப்புகிறார். இதெல்லாம் சோம்பலால் வந்ததல்ல. சக்தி போதாத உடம்பு கேட்காமலே வெட்டுகிற முதற் செலவு இது. மிச்சம் ஹோர்மோன் வழியாகப் போகிறது: கொழுப்புக் கலங்கள் சுரக்கும் லெப்டின் தாழ்கிறது, நாடி மெதுவாகிறது, உடல் சூடு குறைகிறது, இனப்பெருக்கச் சுழற்சி தள்ளிப்போகிறது.

இதற்கு மிகப் பழைய, மிகத் தெளிவான ஆதாரம் மினசோற்றாப் பல்கலைக்கழகத்தில் அன்சல் கீஸ் 1944–45இல் நடத்திய பட்டினிப் பரிசோதனை. போருக்குப் போக மறுத்த 36 இளைஞர்கள் தாமாக முன்வந்தார்கள். 24 கிழமை அரைப்பட்டினி; நாளுக்குச் சராசரி 1,570 கலோரி அளவு, கூடவே நடையும் வேலையும். நிறையில் நாலில் ஒரு பங்கு போனது. குளிர், தலைமயிர் உதிர்வு, மனச்சோர்வு, இரவும் பகலும் சாப்பாட்டைப் பற்றிய நினைவு எல்லாம் வந்தன. கால்கள் நீர்கோத்து வீங்கின. இந்த ஆசிரியையின் முறைப்பாட்டுப் பட்டியலையும் அந்த இளைஞர்களுடையதையும் பக்கத்தில் வைத்தால் பாதிக்கு மேல் ஒன்றுபோல இருக்கும்.

"பட்டினி கிடந்தால் உடம்பு நிறை குறைவதையே நிறுத்திவிடும்" என்று பரப்புகிறவர்கள் கவனிக்க வேண்டியது ஒன்று: அந்த இளைஞர்களின் நிறை இறங்கிக்கொண்டேதான் இருந்தது. சிக்கனம் இறக்கத்தை மெதுவாக்கும், அறவே நிறுத்தாது. நிறுத்துவது சனி ஞாயிறு.

சிக்கனம் நீண்டநாள் தங்கலாம் என்பதற்கும் சான்று உண்டு. அமெரிக்கத் தொலைக்காட்சிப் போட்டியொன்றில் வேகமாக மெலிந்த 14 பேரை ஆறு வருடம் கழித்து அளந்த ஆய்வு 2016இல் வெளியானது. அப்போதும் அவர்களின் ஓய்வுச் செலவு எதிர்பார்த்ததைவிட நாளுக்கு ஏறத்தாழ 500 கலோரி குறைவாக இருந்தது. கடும் உடற்பயிற்சியோடு மிக வேகமாக இறக்கியவர்கள் அவர்கள். சாதாரணமாகக் குறைத்தவருக்கு அந்த எண்ணைக் காட்டிப் பயமுறுத்துவது நியாயமில்லை.

முதல் மாற்றம்: கூட்டாமல் சமப்படுத்தல்

"இனி கூடச் சாப்பிடுங்கோ" என்றால் இவர் எழுந்து போயிருப்பார். ஆகவே முதல் மூன்று கிழமையும் மொத்தத்தில் ஒரு கலோரிகூடக் கூட்டவில்லை. அதே 10,850ஐ ஏழு நாளுக்கும் சமமாகப் பிரித்தது மட்டுந்தான். பாடசாலை நாளில் 350 கூடுகிறது, சனி ஞாயிறில் 750–1,000 குறைகிறது. சனி ஞாயிறில் குறைப்பதற்கு மன உறுதி தேவைப்படவில்லை. வெள்ளி வரை ஒழுங்காகச் சாப்பிட்டவருக்குச் சனி இரவு குசினி இழுக்காது. இரண்டாவது கிழமையிலேயே இரவுச் சாப்பாட்டு ஓட்டம் பாதியாகக் குறைந்தது.

புரதம் அதுவரை நாளுக்கு 40 கிராமை எட்டவில்லை. நிறையின் கிலோவுக்கு 1.2 கிராம் என்று 85 இலக்கு வைக்கப்பட்டது. 1,550ஐ ஒட்டிய ஒரு நாள் இப்படி இருந்தது. காலமை நாலு சிவப்பு இடியப்பம் (அந்த வீட்டு உரலில் ஒன்றுக்கு 14 கிராம் மா), இரண்டு முட்டை, அரைக் கப் சொதி: 400 கலோரி. பத்து மணி இடைவேளைக்கு 30 கிராம் கடலை அவித்தது: 110. மத்தியானம் 60 கிராம் குத்தரிசிச் சோறு (அரிசியாக நிறுத்தது), 120 கிராம் பாரை மீன் குழம்பு, 25 கிராம் பருப்பு, கீரை, ஒரு மரக்கறி: 545. நாலு மணிக்கு ஒரு பால் தேத்தண்ணி, சீனி ஒரு தேக்கரண்டி: 90. இரவு 110 கிராம் பிட்டு, 80 கிராம் கோழி அல்லது மீன், கத்தரிக்காய்: 380. புரதம் 82 கிராம் வரும். மீன் விலை ஏறிய நாட்களில் சூடை, கீரி போன்ற சிறுமீன்; அதுவும் இல்லையென்றால் 25 கிராம் நெத்தலிக் கருவாடு, வெந்நீரில் இரண்டு தரம் கழுவி. கருவாட்டு உப்பு அடுத்த நாள் தராசில் தெரியும், பயப்படத் தேவையில்லை.

காலைச் சாப்பாட்டை வெட்டுவது எல்லோருக்கும் பிழை என்று சொல்வதற்கில்லை. இவரிடம் அது பிழையாகப் போனதற்குக் காரணம், காலையில் மிச்சம் பிடித்தது இரவில் வட்டியோடு போனது.

பன்னிரண்டாம் நாள் சராசரி நிறை 71.8. ஏறியது 0.8 கிலோ. அழுதுகொண்டு அழைப்பெடுத்தார்.

கொப்பியை வைத்து ஒரு கணக்குப் போடப்பட்டது. ஒரு கிலோ கொழுப்புச் சேர ஏறத்தாழ 7,700 கலோரி மிச்சம் வேண்டும். கிழமை மொத்தம் மாறவே இல்லை, மிச்சம் பூச்சியம். அப்படியென்றால் ஏறியது கொழுப்பாக இருக்க வழியில்லை. தசையிலும் ஈரலிலும் சேமிக்கப்படுகிற கிளைக்கோஜன் ஒவ்வொரு கிராமும் ஏறத்தாழ மூன்று கிராம் தண்ணீரைப் பிடித்து வைக்கும். நாலு வருடமாகக் காலியாகவும் நிரம்பியும் கிடந்த சேமிப்பு இப்போது ஒரே அளவில் நிரம்புகிறது. குடலிலும் சாப்பாடு கூடவே இருக்கிறது. பெரும்பாலானவர்கள் இந்த இடத்தில்தான் பயந்து, மறுநாளே பழைய வெள்ளரிக்காய்க்குத் திரும்புகிறார்கள். இரண்டு கிழமைக்கு முன்பே எழுத்தில் கொடுத்து வைப்பது நல்லது: "ஒன்றிலிருந்து ஒன்றரைக் கிலோ ஏறும், அது தண்ணி."

பிறகு கூட்டல், பிறகு நிறுத்தி வைத்தல்

அடுத்த நாலு கிழமையில் நாளளவைக் கிழமைக்கு 75 கலோரி வீதம் ஏற்றி 1,850 வரை போனது. முதற்கிழமை மத்தியானச் சோற்றில் 20 கிராம் அரிசி கூட. இரண்டாவதில் ஒரு கதலி வாழைப்பழம். மூன்றாவதில் ஒரு கோப்பை தயிர். நாலாவதில் ஒரு பிடி கச்சான். ஒரேயடியாக 300 கூட்டினாலும் உடம்புக்குக் கெடுதியில்லை. மெதுவாக ஏற்றியது மனதுக்காகத்தான். நாலு கிழமை முடிவில் சராசரி 72.4. செலவு கொஞ்சமும் கூடவில்லை என்று வைத்தாலும் அந்தக் கூட்டலில் கொழுப்பு 0.7 கிலோவுக்கு மேல் சேர முடியாது.

1,850இல் பத்துக் கிழமை நிற்பது திட்டம். ஒன்றும் நடக்காததுபோல் தெரியும் காலம் இது. உள்ளே நடப்பது நிறைய. நடை முதலில் 5,000, பிறகு 7,000 அடி. காலமை ஐந்தே முக்காலுக்கு நல்லூர் வீதியைச் சுற்றி நடந்தார். வெயில் ஏறினால் யாழ்ப்பாணத்தில் நடை சரிவராது, இருட்டினால் தெருநாய். கூடிய 3,800 அடியால் நாளுக்கு 150 கலோரி அளவு செலவு ஏறியது. அதைவிட, யாரும் சொல்லாமலே வகுப்பில் நின்று படிப்பிக்கத் தொடங்கியிருந்தார்.

கிழமையில் மூன்று நாள், 30 நிமிடம், வீட்டிலேயே தசைப் பயிற்சி. கதிரையில் இருந்து எழும்பி இருத்தல், பிறகு அதையே ஐந்து லீற்றர் தண்ணிக் கானைக் கட்டிப்பிடித்தபடி. குனிந்து நின்று ஒரு கையால் கானை இடுப்புவரை இழுத்தல். சுவரில் கைவைத்துத் தள்ளுதல், பலம் வர மேசை விளிம்பில். முழங்காலைச் சற்று மடித்து, முதுகை நேராக வைத்து, பத்துக் கிலோ அரிசிப் பையைத் தூக்குதல். ஒவ்வொன்றும் எட்டிலிருந்து பன்னிரண்டு தரம், மூன்று சுற்று. பன்னிரண்டு இலேசாக வந்தால் பாரம் கூட்ட வேண்டும். "தசை கூடினால் படுத்தே கொழுப்பு எரியும்" என்பது மிகைப்பேச்சு. ஒரு கிலோ தசை ஓய்வில் நாளுக்கு 13 கலோரி அளவே செலவழிக்கும். பயிற்சியின் பயன் வேறு: பின்னால் நிறை குறைக்கும்போது போவது கொழுப்பாகவும் நிற்பது தசையாகவும் இருக்கும்.

ஏழாவது கிழமையில் கைகால் குளிர் விட்டது. நாடி 62. மாதவிடாய் 34 நாளில் வந்தது, அடுத்தது 31இல். மலச்சிக்கல் மட்டும் இரும்புக் குளிசையால் இழுபட்டது. வைத்தியர் ஒருநாள் விட்டு ஒருநாளாக மாற்றியபின் சரியானது. தலைமயிர் கடைசியாகத்தான் அடங்கும். உதிர்வு காரணத்துக்கு இரண்டு மூன்று மாதம் பிந்தியே நடப்பதால், திருத்தமும் அதே அளவு பிந்தும். சாப்பாட்டைக் கூட்டிய முதல் மாதத்தில் மயிர் கொட்டினால் அது பழைய பட்டினியின் கணக்கு.

பத்தாவது கிழமை சராசரி 72.1. 1,850 கலோரியில் நிறை அசையாமல் நிற்கிறது. சனவரியில் 1,550இல் நின்ற அதே உடம்பு.

அதே 1,550, இப்போது பற்றாக்குறை

யூனில் நாளுக்கு 300 குறைக்கப்பட்டது. வந்து நின்ற எண் பழைய 1,550. முன்பு அது தேக்கமாக இருந்தது. இப்போது கிழமைக்கு 2,100 பற்றாக்குறை, அதாவது கிழமைக்குக் கால் கிலோவுக்குச் சற்றுக் கூட. ஏழு நாளும் ஒரே அளவு, புரதம் 90 கிராம். குறைத்தது கச்சான், தயிரில் பாதி, பிட்டில் 40 கிராம், தாளிதம் ஒரு மேசைக்கரண்டியிலிருந்து ஒரு தேக்கரண்டி. மீனும் முட்டையும் பருப்பும் தொடப்படவில்லை.

எட்டுக் கிழமை கழித்து நல்லூர்க் கந்தசுவாமி கோயில் கொடியேற்றம். திருவிழாவின் 25 நாளும் வீட்டில் மரக்கறி; அதோடு பற்றாக்குறையும் சேர்ந்தால் புரதம் 45க்கு விழும். ஆகவே திருவிழாக் காலம் முழுக்க 1,850க்குத் திரும்பி இடைவேளை விடப்பட்டது. 50 கிராம் பயறு, 30 கிராம் சோயா, 25 கிராம் பருப்பு, பால், தயிர் என்று புரதம் 70ஐத் தொட்டது. இப்படியான இடைவேளை செலவுக் குறைவைத் தடுக்கும் என்று 2017இல் வெளியான அவுஸ்திரேலிய ஆய்வொன்று காட்டியது. பின்வந்த ஆய்வுகளில் அந்தப் பயன் அப்படியே கிடைக்கவில்லை. மனிதர் தொடர்ந்து நிற்பதற்கு இடைவேளை உதவுகிறது, அது போதும்.

பிறகு மீண்டும் எட்டுக் கிழமை. கணக்குப்படி 16 கிழமைக்கு 4.4 கிலோ போயிருக்க வேண்டும். போனது 3.4. கலியாண வீடுகள், கணக்கில் வராத கரண்டிகள், சிறுத்த உடம்பின் சிறுத்த செலவு, சிக்கனத்தின் கொஞ்சம். முக்கால் பங்கு நடந்தால் நல்ல கணக்கு.

நிறை 68.7. சுற்றளவு 85. ஃபெரிற்றின் 34. முதல் நாளோடு ஒப்பிட்டால் ஒன்பது மாதத்தில் 2.3 கிலோதான், விளம்பரப் பலகையில் போட உதவாத எண். ஆனால் ஏழு சென்றிமீற்றர் சுற்றளவு போய், சுழற்சி திரும்பி, இரவுக் குசினி நின்று, அரிசிப் பை பத்துக் கிலோவிலிருந்து இருபதுக்கு ஏறியிருக்கிறது.

இடையில் பிழையாகப் போனவை

சமப்படுத்தத் தொடங்கி நாலாவது கிழமையில் ஒரு கலியாணத்துக்குச் சேலை இறுக்கமாக இருந்ததென்று இவர் தானாகவே நாலு நாள் 900க்கு இறக்கினார். ஐந்தாம் நாள் இரவு 2,800. கொப்பியில் அதையும் எழுதியிருந்ததால் காரணத்தை அவரே கண்டுபிடித்தார். யாரும் அறிவுரை சொல்ல வேண்டியிருக்கவில்லை.

யூலையில் மூன்று கிழமை தராசு அசையவில்லை. மாதவிடாய்க்கு முந்திய கிழமையில் ஒரு கிலோ வரை நீர் தங்கும். சுழற்சியின் பத்தாம் நாளைப் போன மாதப் பத்தாம் நாளோடுதான் ஒப்பிட வேண்டும். அப்படிப் பார்த்தபோது 1.1 கிலோ இறங்கியிருந்தது. புதிதாகப் பாரம் கூட்டிய கிழமையிலும் தசை நீர்பிடித்துத் தராசை மறைக்கும். நாலு கிழமை நிறையும் சுற்றளவும் இரண்டுமே அசையாவிட்டால்தான் அது தேக்கம். அதற்குமுன் சாப்பாட்டில் கைவைப்பதில்லை.

வீட்டாரும் ஒரு காரணி. "பிள்ளை, மெலியிறன் எண்டு சொல்லிப்போட்டு இடியப்பம் சாப்பிடுறாய்?" என்று தாயார் கேட்டது, தராசைவிடக் கூடிய பாரமாக இருந்தது. ஒரு சந்திப்புக்கு அவரையும் வரச்சொல்லிக் கொப்பியைக் காட்டியபின் பேச்சு மாறியது.

யாருக்கு இது பொருந்தாது

உடற்திணிவுச் சுட்டி 16க்குக் கீழே உள்ளவர், மூன்று முதல் ஆறு மாதத்துக்குள் நிறையில் 15 சதவீதத்துக்கு மேல் இழந்தவர், பத்து நாளுக்கு மேல் ஏறக்குறைய ஒன்றுமே சாப்பிடாதவர் ஆகியோர் வீட்டில் தாமாகச் சாப்பாட்டைக் கூட்டக்கூடாது. திடீரென்று மாச்சத்து உள்ளே போக இரத்தத்தில் பொஸ்பேற்றும் பொற்றாசியமும் மக்னீசியமும் விழுந்து இதயம் தடுமாறும். வைத்தியசாலையில், தயமின் (விற்றமின் பி1) கொடுத்து, இரத்தம் பார்த்துப் பார்த்துத்தான் ஏற்ற வேண்டும். சாப்பிட்டபின் விரலை விட்டுச் சத்தி எடுப்பவர், பேதிக் குளிசை போடுபவர், நிறை பற்றிய பயத்தில் நாள் கழிப்பவர் முதலில் மனநல வைத்தியரைக் காண வேண்டும். அவர்களுக்குக் குசினித் தராசும் கொப்பியும் நோயைக் கூட்டும். இன்சுலின் அல்லது சீனிக் குளிசை எடுப்பவர் மருந்தளவு மாற்றாமல் சாப்பாட்டை மாற்றக்கூடாது. கர்ப்பிணிகளுக்கும் பாலூட்டுவோருக்கும் இந்தக் கணக்கு எதுவும் செல்லாது.

இனி

கந்தசஷ்டி ஆறு நாளும் விரதம் பிடிப்பது இவர் வழக்கம். முழு உபவாசம் இந்த வருடம் வேண்டாம் என்று சொல்லப்பட்டது. ஒருபொழுது, அந்த ஒரு வேளையில் பயறும் தயிரும் பருப்பும் நிறைய, மற்ற நேரம் பாலும் பழமும் என்று ஒத்துக்கொண்டார். சஷ்டி முடிந்தபின் 1,800இல் எட்டுக் கிழமை, தைப்பொங்கலுக்குப் பிறகு அடுத்த பற்றாக்குறை.

அதுவரைக்கும் ஒரு எல்லை: ஏழுநாட் சராசரி 70ஐ மூன்று கிழமை தொடர்ந்து தாண்டினால் முதலில் நடை அடியைப் பார்ப்பது. அது 7,000க்குக் குறைந்திருந்தால் அதை மட்டும் சரிப்படுத்துவது. நடை சரியென்றால் எண்ணெயையும் தேங்காயையும் ஒரு கிழமை மீண்டும் நிறுப்பது. அதுவும் சரியென்றால் மட்டுமே சோற்றில் 20 கிராம் அரிசி குறையும். காலைச் சாப்பாடு எந்த நிலையிலும் வெட்டப்படாது.